காலை எட்டு மணிக்கு மகுடீஸ்வரன்

என் மேசைக்கு முன்னால் வந்து உட்காருகிறவர் யாராக இருந்தாலும் முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுப்பேன். அடுத்தது ஓர் அதட்டல். "கடன் வாங்கறது குத்தமில்ல. வாங்கிப்போட்டுப் பயந்து சாகறதுதான் குத்தம். நிமுந்து உக்காரு!" என்பேன். பாதிப் பேருக்குப் பாதி வியாதி அதிலேயே குணமாகிவிடும்.

என் பெயர் ரேணுகாதேவி. திருச்செங்கோடு கடனாளர் உதவி மையத்தில் துணைவராக இருக்கிறேன். வசூல்காரர்களிடம் எப்படிப் பேசுவது, எதைக் கேட்பது, எதற்குத் தலையாட்டக் கூடாது என்று ஜனங்களுக்குச் சொல்லிக் கொடுப்பதற்காக அரசாங்கம் போட்ட வேலை. இதற்கு முன்னால் ஒன்பது வருஷம் நானே வசூலுக்குப் போனவள். அடுத்தவர் வாசலில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, பக்கத்து வீட்டுக்காரி காதில் விழுகிற மாதிரி பேசி, மானத்தை வாங்கிக் காசை வாங்கினவள். எனக்கு இந்த வேலை கிடைத்தபோது, திருடன் கையில் சாவியைக் கொடுத்தாயிற்று என்று ஊரில் சிலர் சொன்னார்கள். சொல்லட்டுமே. பூட்டு எப்படித் திறக்கும் என்று திருடனுக்குத்தானே தெரியும்?

வசூல்காரர்கள் காலை எட்டு மணிக்கு முன்னாலும் மாலை ஏழு மணிக்குப் பின்னாலும் கூப்பிடக் கூடாது என்பது விதி. அதனால் நான் ஏழரைக்கே மையத்தைத் திறந்துவிடுவேன். அவர்கள் ஆரம்பிக்கும்போது நான் தயாராக இருக்க வேண்டும் அல்லவா?

அப்படி ஒரு நாள் ஏழே முக்காலுக்குக் கோபிகா வந்தாள். முப்பத்தெட்டு வயது இருக்கும். கூட்டப்பள்ளிப் பக்கம். தலையை வாரி, நெற்றியில் சின்னதாகத் திருநீறு. கையில் இருந்த போனை மேசைமேல் வைத்துவிட்டு, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீரைத் தொடவில்லை. என் அதட்டலும் அவள் காதில் ஏறின மாதிரி தெரியவில்லை.

"என்ன கண்ணு, பேச்சையே காணோம்?" என்றேன்.

"எட்டு மணி ஆகட்டுமுங்கக்கா. நீங்களே கேளுங்க."

சரியாக எட்டு. போன் அடித்தது. ஒலிபெருக்கியைப் போட்டாள். "வணக்கம். இது ஏழ்கடல் பைனான்ஸ் நிறுவனத்தின் இயந்திரக் குரல். இந்த உரையாடல் பதிவு செய்யப்படுகிறது" என்று ஒரு பெண் குரல் மூச்சு விடாமல் ஒப்பித்தது. பிறகு ஓர் ஆண் குரல். கொஞ்சம் கரகரப்பு, நல்ல கனிவு.

"அம்மிணி... சாப்பிட்டயா?"

"இல்லீங் மாமா. இனித்தானுங்க."

"நேரத்துக்குச் சாப்பிடு சாமி. அப்பறம் அந்தக் கம்பெனிப் பணம்... நாளு நெருங்குதல்லோ? எனக்கு அதே நெனப்புத்தான். தூக்கமே வர மாட்டேங்குது அம்மிணி."

"பாக்கறனுங் மாமா."

"பாரு. உன்ன உட்டா எனக்கு யாரு இருக்கறா?"

அழைப்பு முடிந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"யாரு இது?" என்றேன்.

"என்ற வீட்டுக்காரருங்க. மகுடீஸ்வரன்."

"எங்க இருக்காரு இப்ப?"

"செத்துப்போயி ஏழு மாசமாச்சுங்கக்கா."

வசூலில் நான் பார்க்காத அட்டூழியம் இல்லை. கதவில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள், கல்யாண மண்டபத்தில் வந்து நின்றிருக்கிறார்கள், பிள்ளை படிக்கிற பள்ளிக்கூடத்துக்கே போயிருக்கிறார்கள். எல்லாம் கண்ணால் கண்டவள், சிலதைக் கையால் செய்தவள். ஆனால் செத்தவனை எழுப்பி வசூலுக்கு அனுப்புகிற சாமர்த்தியம் எங்கள் காலத்தில் எவனுக்கும் வரவில்லை. அட பாவிகளா என்று வாய்விட்டே சொன்னேன்.

அவள் சொன்ன விவரம் இதுதான். மகுடீஸ்வரன் ரிக் வண்டியில் போனவன். எங்கள் ஊர் ஆண்பிள்ளைகளில் நிறையப் பேருக்கு அதுதான் பிழைப்பு. ஆழ்துளைக் கிணறு போடுகிற லாரியோடு மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று கிளம்பினால் திரும்பி வர ஒன்பது பத்து மாதம் ஆகும். ஒரு பழைய ரிக்கில் பங்கு சேருவதற்காக ஏழ்கடலில் பதினான்கு லட்சம் வாங்கியிருக்கிறான். பெண்டாட்டிக்குத் தெரியாது. வேலை செய்கிற இடத்திலேயே நெஞ்சு வலி வந்து போய்விட்டான். அப்புறம்தான் கடன் வெளியே வந்தது. ரிக்கில் இருந்த அவன் பங்கைக் கம்பெனி எடுத்து விற்றுவிட்டது. அது போக மீதி ஒன்பது லட்சத்து இருபதாயிரம்.

"கொரல் எப்படிக் கெடச்சுது அவனுகளுக்கு?"

"அவரேதான் கடன் ஆப்புல குடுத்துட்டாருங்களாமா. பதனாறு வருசமா தெனமும் எனக்குக் கொரல்ல சேதி அனுப்புவாருங்க. எழுத வராது அவருக்கு. அத்தனையும் போன்லயே கெடந்துதுங்க. போன்ல இருக்கறத எடுத்துக்கலாம்னு ஆப்புல ஒரு எடத்துல கைய வெச்சு அழுத்தீட்டாராமா. எறந்தவங்க கொரல்ல பேசறது இப்ப சட்டத்துல செல்லுமுங்களாமா. மொதல்லயே இயந்திரம்னு சொல்லிப்போட்டாப் போதுமாமா."

அந்தச் சட்டம் எனக்குத் தெரியும். உறவுக்குரல் என்று அதற்கு அழகாகப் பேர் வேறு. துக்கத்தில் இருக்கிறவர்களுக்கு ஆறுதலாக இருக்கும் என்று சொல்லித்தான் அனுமதி வாங்கினார்கள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்.

நான் சிரித்தேன். நிஜமாகவே எனக்குச் சிரிப்பு வந்தது, ஏனென்றால் வழக்கு எனக்கு லட்டு மாதிரி இருந்தது. "இங்க பாரு கண்ணு. செத்தவரு கடன அவரு சொத்துல இருந்துதான் எடுக்க முடியும். பொண்டாட்டிங்கறதுக்காக உன்ற சொத்துல கை வெக்க முடியாது. அவரு பேருல வேற ஏதாவது இருக்குதா?"

"ஒண்ணுமில்லீங்க."

"குடியிருக்கற வீடு?"

"என்ற பேருங்க. எங்கப்பன் குடுத்த எடம். பாதிதான் கட்டியிருக்குது. மேல ஓட்டுக்குப் பதிலா தகரந்தான் போட்டிருக்கறம். நானும் என்ற மகளும் இருக்கறமுங்க. அவ பத்தாவது படிக்கறா."

"அப்ப முடிஞ்சுது போ! ஒத்தைப் பைசா கட்ட வேண்டியதில்ல. ஒரு கடுதாசி எழுதறேன், நாளையிலிருந்து போனே வராது."

அவள் நிமிரவில்லை. முந்தானை நுனியைத் திருகிக்கொண்டே, "அக்கா, நான் சரின்னு சொல்லிப்போட்டேனுங்க" என்றாள்.

"என்னத்துக்குச் சரின்னு சொன்னே?"

"கடன நானே ஏத்துக்கறேன், வீட்ட ஈடா வெக்கறேன்னு. மாமா கேட்டாருங்க. 'எனக்காக ஒரு வார்த்த சொல்லு அம்மிணி, நான் நிம்மதியாப் போறேன்' அப்பிடின்னாருங்க. நான் ஆகட்டுமுங் மாமான்னு சொல்லிப்போட்டேன்."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. மேசையை ஓங்கித் தட்டினேன். பேனா உருண்டு கீழே விழுந்தது. "ஏம்புள்ள, உனக்கு மூளை இருக்குதா? வாயில சொன்னாலே கையெழுத்து மாதிரின்னு சட்டம் வந்து நாலு வருசமாச்சு. தெருத்தெருவா வண்டியில மைக்க கட்டிச் சொன்னமே! பத்து நாளைக்குள்ள வேண்டாம்னு திருப்பிச் சொல்லியிருக்கலாம். நோட்டீஸு வந்துதா இல்லியா?"

"வந்துதுங்க."

"நிறுத்துன்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும், அந்தக் கொரலு அப்பிடியே நின்னு போகும். அது உன்ற உரிம. தெரியுமா தெரியாதா?"

"தெரியுமுங்க. நோட்டீஸுலயே போட்டிருந்துதுங்க."

"அப்பறமென்ன கேடு?"

அவள் முதல்தடவையாக என்னை நேராகப் பார்த்தாள். "நிறுத்துன்னு சொன்னா நின்னு போயிருமுங்களே அக்கா."

என் வீட்டுக்காரர் போய்ப் பதினொரு வருஷம் ஆகிறது. இருமிக்கொண்டே இருப்பார், எனக்கு எரிச்சலாக வரும். அந்த இருமல் ஒரு தடவை போனில் வந்தால் நான் வைத்துவிடுவேனா என்று யோசித்துப் பார்த்தேன். வைக்க மாட்டேன். அழுவேன்.

சம்மதம் சொல்லி எண்பது நாள் ஆகியிருந்தது. இன்னும் பத்து நாளில் பணம் கட்டாவிட்டால் வீடு ஏலத்துக்குப் போகும். தாயும் மகளும் தெருவில் நிற்க வேண்டியதுதான். நான் அன்றைக்கே குறைதீர்ப்பு நடுவருக்கு மனு எழுதினேன். ஒரு வாரத்தில் விசாரணை போட்டார்கள்.

அந்த ஒரு வாரமும் கோபிகா தினம் வந்தாள். நான் எல்லோருக்கும் கொடுக்கிற சின்னப் புத்தகத்தை அவளுக்கும் கொடுத்தேன். கடனாளர் உரிமைகள், பதினான்கு விதிகள், எட்டே பக்கம். ஜனங்கள் அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போவார்கள், அத்தோடு சரி. இவள் படித்தாள். பக்கத்தில் பேனாவால் கோடு வேறு போட்டிருந்தாள். வசூல்காரர் தன் பேரையும் கம்பெனி பேரையும் சொல்லியாக வேண்டும். கணக்கை எழுத்தில் கேட்டால் கொடுத்தாக வேண்டும். பக்கத்து வீட்டில், சொந்தக்காரரிடத்தில் கடனைப் பற்றி மூச்சு விடக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் கேள்வி கேட்டாள். நான் சொல்லச் சொல்ல அவள் உட்காருகிற தோரணையே மாறிப்போனது.

"ஒம்பதாவது விதி என்னங்கக்கா? கொஞ்சம் வெளக்கிச் சொல்லுங்க."

"அதுவா? அந்தக் காலத்துல நாங்க பண்ணுன அக்கிரமத்தாலதான் அது வந்துது. வசூலுக்குப் போறவன் வாய்க்கு வந்ததப் பேசுவான். மாட்டிக்கிட்டா கம்பெனிக்காரன், 'அவன் சொன்னதுக்கு நாங்க பொறுப்பில்ல'ம்பான். அதனால, முகவர் சொல்லு கம்பெனி சொல்லுன்னு வெச்சுட்டாங்க. வசூல் பண்றது மனுசனோ மெசினோ, அது கடனாளிகிட்டச் சொல்றது எல்லாமே கம்பெனியே எழுதிக் குடுத்த மாதிரி."

"எல்லாமேங்களா?"

"எல்லாமேதான். ஆனா இதுல நமக்குப் பிரயோசனமில்ல. உன்ற வீட்டுக்காரரு கொரலு ஒரு கெட்ட வார்த்த சொல்லல, ஒரு மெரட்டல் மெரட்டல. சுத்தமான வசூல் அது. அதுதான் எனக்கு வயித்தெரிச்சல்."

அவள் அந்தப் பக்கத்தை மடித்து வைத்துக்கொண்டாள். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. ஒன்பது வருஷ அனுபவமாம், பெரிய திருடியாம்!

இன்னொரு நாள் பேச்சுவாக்கில், "பதனாறு வருசம் குடும்பம் நடத்தியிருக்கறே, பதனாலு லட்சம் கடன் இருக்கறது தெரியாமப் போச்சா?" என்று கேட்டேன்.

"ரிக்குக்குப் போனவங்க வீட்டுல கெட்ட சேதி பேச மாட்டாங்கக்கா. கெட்டதப் பேசுனா தொளை போடற ராடு குழிக்குள்ளயே சிக்கிக்கும்பாங்க. நாங்களும் சொல்ல மாட்டம், அவங்களும் சொல்ல மாட்டாங்க. எங்கப்பன் செத்ததக்கூட நான் சொல்லலீங்க. நாலு மாசம் கழிச்சு வண்டி ஊருக்கு வந்தப்பறம், வாசப்படி ஏறுன பின்னாடிதான் சொன்னேன். அதுவரைக்கும் தெனமும் 'மாமன் எப்பிடி இருக்கறாரு'ம்பாரு. நல்லாருக்கறாருங் மாமான்னு சொல்லுவேன்."

விசாரணை தாலுகா அலுவலக மாடியில் நடந்தது. நடுவர் பேர் சகாயமேரி. சேலத்துக்காரம்மா, கண்டிப்பானவர். கம்பெனி சார்பில் அபினேஷ் என்று ஒருவன் சென்னையிலிருந்து வந்திருந்தான். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. இஸ்திரி கலையாத சட்டை. எங்களைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டான். அவன் மரியாதை எனக்குப் பிடிக்கவே இல்லை. திட்டுகிறவனாக இருந்தால் திருப்பித் திட்டலாம்.

நான் ஆரம்பித்தேன். செத்த மனிதன் மாதிரி பேசி ஏமாற்றிச் சம்மதம் வாங்கினார்கள் என்றேன். அவன் பதிவைப் போட்டான். முதல் மூன்று வினாடியில் இயந்திரக் குரல் என்ற அறிவிப்பு இருந்தது. துக்கத்தில் இருந்தவளை வளைத்துப் போட்டார்கள் என்றேன். பத்து நாள் அவகாசம் கொடுத்த நோட்டீஸையும் அவள் அதைப் பெற்றுக்கொண்ட குறிப்பையும் காட்டினான். தினமும் தொல்லை என்றேன். ஒரு நாளைக்கு ஒரே அழைப்பு, அதுவும் காலை எட்டு மணிக்கு என்றான். நான் எறிந்த கல் ஒவ்வொன்றையும் பூப்பந்து மாதிரி பிடித்துக் கீழே வைத்துக்கொண்டிருந்தான்.

"மேடம், நிறுத்துன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்க நிறுத்தியிருப்போம். அவங்க சொல்லல. யாருமே சொல்றதில்ல மேடம். உறவுக்குரல் வந்ததுக்கப்புறம் எங்க வசூல் நாப்பது சதவீதம் கூடியிருக்கு. ஏன்னா, யாரும் போனை வைக்கிறதே இல்ல." பெருமையாகச் சொல்லவில்லை. ஆனாலும் சொன்னான்.

நடுவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "அம்மா கோபிகா, சட்டப்படி பார்த்தா உங்க பக்கம் ஒண்ணுமே நிக்கலியே. நீங்க ஏதாவது சொல்லணுமா?"

கோபிகா எழுந்தாள்.

"நான் அவருகிட்ட ஒருக்கா பேசணுமுங்க. இங்கயே, உங்க முன்னாடி. கம்பெனிக்கு நானாக் கூப்பிட்டாலும் அந்தக் கொரலுதான் பேசுமுங்க. பதிவாகட்டும்."

"கணக்கு சம்பந்தமா எப்ப வேணும்னாலும் கூப்பிட அவங்களுக்கு உரிமை இருக்கு மேடம்" என்று அபினேஷே சொன்னான். பாவம், அவனுக்கும் உறைக்கவில்லை.

போனைப் போட்டாள். அறிவிப்பு வந்தது. பிறகு மகுடீஸ்வரன் வந்தான்.

"அம்மிணி! நீயாக் கூப்படறே? பணத்துக்கு ஏற்பாடு ஆச்சா சாமி? நாலு நாளுதான் இருக்குது. எனக்குத் தூக்கமே..."

"மாமா, இங்க எல்லாரும் சௌக்கியமுங்க" என்றாள் கோபிகா. குரலே வேறாக இருந்தது. புதுப்பெண் பேசுகிற மாதிரி ஒரு குதூகலம். "நேத்து நல்ல மழ. கெணத்துல தண்ணி ஏறியிருக்குது. பாப்பா பரீட்சையில மொத மார்க்கு வாங்கியிருக்கறா."

அத்தனையும் பொய். மழை பெய்து இரண்டு மாதம் ஆகிறது. நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன்.

"அட, அப்பிடியா!" குரலில் இருந்த சோகம் போன இடம் தெரியவில்லை. "இங்கயும் நல்லாப் போகுது அம்மிணி. முன்னூறு அடியிலயே தண்ணி பீச்சியடிக்குது. சாப்பாட்டுக்கெல்லாம் ஒரு கொறையுமில்ல."

"எங்கப்பன் உங்களக் கேட்டாருங் மாமா."

"மாமனுக்கு ஒடம்பு பரவால்லியா?"

"நல்லாருக்கறாருங்க. மாமா, ஊருக்குள்ள ஒரு பேச்சுங்க. நீங்க எங்கியோ கடன் வாங்கியிருக்கறீங்களாமா?"

"எவன் சொன்னான்?" குரல் சிரித்தது. "அதெல்லாம் எப்பவோ கட்டி முடிச்சாச்சு அம்மிணி. நீ எதுக்குப் போட்டு மண்டய ஒடச்சுக்கறே?"

அபினேஷ் நாற்காலி கவிழ எழுந்தான். "மேடம், லைனை கட் பண்ணுங்க! இது..."

"உட்காருங்க" என்றார் நடுவர்.

"ஏழ்கடல் பைனான்ஸுலயுங்களா மாமா? அதும் கட்டியாச்சுங்களா?"

"எல்லாந்தான். ஒரு பைசா பாக்கியில்ல. ரசீதெல்லாம் பத்தரமா வெச்சிருக்கறேன்."

"நான் ஏதாச்சும் கட்டணுமுங்களா? வீட்ட வெச்சுக் கட்டுன்னு சொல்லுவாங்களாமா."

"நீ எதுக்கு அம்மிணி கட்டோணும்? உன்ற அப்பன் குடுத்த எடம் அது. எவனாவது கேட்டா என்ற பேரச் சொல்லு. நீ ஒண்ணும் கவலப்படாத."

"சரிங் மாமா. வெச்சர்றனுங்க."

எனக்கு அப்போதுதான் மூளையில் விளக்கு எரிந்தது. பதினாறு வருஷம் அந்த மனிதன் பெண்டாட்டியிடம் பேசினது முழுக்க நல்ல சேதி. கடன் இருக்கிறதா என்று அவள் எப்போது கேட்டிருந்தாலும் இல்லை என்றே சொல்லியிருப்பான். கம்பெனிக்காரன் அச்சு அசலாக அவனையே செய்துவிட்டான். வசூல் வசனத்தை மேலாகப் பூசி வைத்திருந்தான், அவள் அதைச் சுரண்டிவிட்டாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் கடன் வாங்கிய வாயால் கெட்டது.

நான் எழுந்து நின்றேன். தொண்டையைச் செருமிக்கொண்டேன். "அம்மா, ஒம்பதாவது விதி. முகவர் சொல்லு கம்பெனி சொல்லு. மனுசனோ மெசினோ, வித்தியாசமில்ல. கடன் முழுக்கக் கட்டியாச்சு, ரசீது இருக்குது, கோபிகா எதுவும் கட்ட வேண்டாம்னு ஏழ்கடல் பைனான்ஸ் இப்ப உங்க முன்னாடி சொல்லிருச்சு."

"அது பொய் மேடம்!" என்றான் அபினேஷ். வேர்த்து வழிந்தது. "அது உண்மை இல்லன்னு இவங்களுக்கே தெரியும். மழை, அப்பா எல்லாம் இவங்களும் பொய்தானே சொன்னாங்க?"

கோபிகா அவன் பக்கம் திரும்பினாள். "ஏனுங் தம்பி, நீங்க அஞ்சு மாசமா எங்கிட்டச் சொன்னது மட்டும் நெசமுங்களா? தூக்கம் வரலைன்னு சொன்னாரே. செத்தவருக்கு ஏதுங்க தூக்கம்? நான் அதைக் கேட்டுத்தானே சரின்னு சொன்னேன். என்ற சரி செல்லும்னா அவரு சொன்னதும் செல்லோணுமல்லோ?"

நடுவர் ஒன்பதாவது விதியை எடுத்து ஒருமுறைக்கு இரண்டு முறை வாசித்தார். பிறகு மெதுவாக, "பொய் சொன்ன முகவர் யாரோட முகவர், மிஸ்டர் அபினேஷ்?" என்று கேட்டார்.

"எங்களோடதுதான் மேடம்."

"அப்ப பாக்கியில்லாச் சான்றிதழ் கொடுத்துட்டுப் போங்க."

மத்தியானத்துக்குள் சான்றிதழ் அச்சாகி வந்துவிட்டது. நான் அதை மூன்று நகல் எடுக்கச் சொன்னேன், ஒன்று எனக்கு, கண்ணாடி போட்டு மாட்டிவைக்க. சந்தோஷத்தில் ஆடாத குறைதான். கோபிகா அதை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அபினேஷ் மட்டும் போகாமல் கோபிகா முன்னால் நின்றான். "அக்கா, இன்னொண்ணு பாக்கி இருக்கு. கணக்கு முடிஞ்சா குரலை அன்னைக்கே அழிக்கணும். வாரிசு முன்னாடி அழிக்கணும்னு விதி. பன்னெண்டாவது." தயங்கினான். "வேண்டாம்னா, மாசாமாசம் ஒரு தொகை கட்டி நீங்களே வச்சுக்கலாம். அதுக்கும் ஒரு திட்டம் இருக்கு. எங்க அம்மா அப்படித்தான் எங்கப்பா குரலை வச்சிருக்காங்க."

எனக்குக் கோபம் வரவில்லை. அவன் முகத்தைப் பார்த்தால் விற்க வந்தவன் மாதிரி இல்லை. நான் கோபிகாவைப் பார்த்தேன். உரிமை எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தவள் நான். இதற்கு எந்தப் பக்கத்திலும் பதில் எழுதியிருக்கவில்லை.

"கடேசியா ஒருக்காப் பேசிக்கறனுங்க" என்றாள்.

அவன் பலகைக் கணினியை அவளிடம் நீட்டினான். திரையில் குரலை அழிப்பதற்குச் சிவப்பாக ஒரு பொத்தான். இணைப்பு கிடைத்தது.

"அம்மிணி, சாப்பிட்டயா?"

"சாப்பிட்டனுங் மாமா." அவள் மூச்சை இழுத்துவிட்டாள். "மாமா, பதனாறு வருசத்துல போன்ல உங்களுக்கு நான் ஒரு கெட்ட சேதி சொன்னதில்லீங்க. இன்னைக்கு ஒண்ணு சொல்லோணும்."

"சொல்லு சாமி."

"நீங்க செத்துப்போயிட்டீங் மாமா. வடக்க சாகர் ஊருப் பக்கம், வண்டிகிட்டயே. கொண்டுவந்து நாங்கதான் எல்லாஞ் செஞ்சம். ஏழு மாசமாச்சுங்க."

அபினேஷ் தரையைப் பார்த்தான். இயந்திரம் என்ன தேடியதோ, எங்கே தேடியதோ, கொஞ்ச நேரம் ஆயிற்று.

"அட, எவனோ கெளப்பி உட்டிருக்கறான் அம்மிணி. நான் நல்லாத்தான் இருக்கறேன். நீ ஒண்ணும் கவலப்படாத."

கோபிகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்டச் சிரித்தாள். "சாகற வரைக்குந்தான் பொய் சொன்னீங்கன்னு பாத்தா" என்று சொல்லிக்கொண்டே பொத்தானில் விரலை வைத்து, அழுத்தினாள்.